ஒன்பது ஐந்துக்கு ஒரு பெயர்

நவம்பர் பத்தாம் தேதி காலை ஒன்பது ஐந்துக்கு நாடு முழுக்கச் சைரன் ஊதும். துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் இறந்த நேரம் அது. தெருவில் போகிறவர் நின்ற இடத்திலேயே நிற்பார், காரில் போகிறவர் இறங்கிக் கதவருகே நிற்பார், ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு வாசலுக்கு வருவார். எங்கள் ஊர் யெனிதெரேயில் அந்தச் சைரனை அமுக்குகிறவன் நான். நகராட்சியில் ஒலிபெருக்கிப் பிரிவு என்று ஒன்று உண்டு. அந்தப் பிரிவில் ஆள் என்று பார்த்தால் நான் ஒருவன்தான். தண்ணீர் வராத நாள், காணாமல் போன மாடு, சந்தை இடமாற்றம் எல்லாம் பதினேழு வருடமாக என் குரலில்தான் ஊருக்குப் போகின்றன. என் முகம் தெரியாதவர்களுக்கும் என் தொண்டை தெரியும்.

எங்கள் சதுக்கத்தின் நடுவில் அவருடைய சிலை நிற்கிறது. சிலைக்கு வலப்புறம் குடியரசு டீக்கடை. இடப்புறம் பள்ளிவாசல், அதை ஒட்டி நிம்மதி டீக்கடை. குடியரசில் உட்காருகிறவர்கள் நிம்மதிக்குப் போக மாட்டார்கள், நிம்மதிக்காரர்கள் குடியரசின் நிழலைக்கூட மிதிக்க மாட்டார்கள். இரண்டு கடைக்கும் டீத்தூள் ஒரே மூட்டையிலிருந்துதான் வருகிறது. இரண்டு கடையிலும் பேசுகிற விஷயமும் ஒன்றுதான்: செத்து எண்பது வருடத்துக்கு மேலான ஒரு மனிதர் கடவுளை நம்பினாரா இல்லையா, நம்பியிருந்தால் எவ்வளவு, அவர் உண்டாக்கிய நாடு இப்போது யாருடையது. இதில் யாரும் யாரையும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. அப்படி ஜெயித்துவிட்டால் மறுநாள் எங்கே போய் உட்காருவது என்ற பயமும் இருக்கலாம்.

அந்தப் பத்தாம் தேதி காலை எட்டு ஐம்பதுக்கு இமாம் ஜெவ்தெத் ஹோஜா போன் செய்தார்.

"துன்ஜெர், அடுப்புக்கார நியாஸி விடியக்காலைல காலமாயிட்டார்ப்பா. ஸலவாத் ஓதிப் பேரைச் சொல்லணும். உன் சைரன் எப்போ?"

"ஒன்பது அஞ்சு, ஹோஜா. அதுல ஒரு செகண்ட் முன்னே பின்னே கிடையாது."

"சரி. ஓதறதுக்கு நாலு நிமிஷம். ஒன்பதுக்கு ஆரம்பிச்சா நீ ஆரம்பிக்கறதுக்குள்ள நான் முடிச்சிடுவேன்."

கணக்கு சரிதான். ஆனால் பள்ளிவாசல் கடிகாரம் தொழுகை அட்டவணையைப் பார்த்து வைத்தது, எங்களுடையது வானொலியைக் கேட்டு வைத்தது. பள்ளிவாசலுடையது ஒரு நிமிடம் பின்னால் ஓடும். ஒரு காலத்தில் இதை வைத்தே ஒரு மாதம் சண்டை நடந்தது. எந்தக் கடிகாரத்தை மாற்றுவது என்று முடிவாகாமல் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஜன்னல் வழியே ஸலவாத், சாவை அறிவிக்கும் அந்த ஓதல், கேட்டுக்கொண்டிருந்தது. ஊரில் அது ஒலித்தால் கையிலிருப்பதை வைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள், கடைசியில் வரும் பெயருக்காக. கீழே சதுக்கத்தில் நகராட்சித் தலைவர் மலர்வளையத்தோடு நின்று அண்ணாந்து என் ஜன்னலைப் பார்த்தார். ஒன்பது ஐந்து. ஹோஜா ஓதி முடித்து, "நம் ஊர்க்காரர்" என்று தொடங்கினார். பத்து விநாடி நான் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை, அமுக்கினேன்.

சைரன் ஒரு நிமிடம் ஊதியது. ஊர் அப்படியே நின்றது. ஹோஜாவும் பள்ளிவாசல் படியில் ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடி தலை குனிந்து நின்றதை நான் பார்த்தேன். பெயரை அவர் சைரனுக்குள்ளேயே சொல்லி முடித்திருந்தார். அப்புறம் தேசிய கீதம். கீதம் முடிந்ததும் அவர், சொல்லியாகிவிட்டது என்ற நினைப்பில், உள்ளே போய்விட்டார். செத்தது யார் என்று யெனிதெரேயில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

யாரோ கைப்பேசியில் படம் பிடித்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் அது இரண்டு தலைப்புகளோடு சுற்றியது. நிறுவனரின் நிமிடத்தில் இமாம் வேண்டுமென்றே ஓதினார் என்பது ஒன்று. சாவு ஓதலைச் சைரனால் மூடினார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் இருந்தது அதே நாற்பது விநாடிதான். பத்து மணிக்குத் தலைவர் என் அறைக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"மாவட்டத்துல இருந்து கேட்டுட்டாங்க. விசாரணை முடியற வரைக்கும் இந்த ஒலிபெருக்கியில ஒரு எறும்பு ஊர்ற சத்தம்கூட வரக்கூடாது. ஹோஜாவுக்கும் மேலிடத்துல இருந்து உத்தரவு வந்தாச்சு. பாங்கைத் தவிர ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"ஐயா, ஒருத்தர் செத்திருக்கார். பேர் ஊருக்குப் போய்ச் சேரல. ஒரே வரிதான், சொல்லிடறேன்."

"யாரு?"

"அடுப்புக்கார நியாஸி."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்த ஆளா? செத்தும் வம்பா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஊரில் பாதி வீட்டுக் கணப்பு அடுப்பும் அதன் புகைக்குழாயும் நியாஸி மாட்டியவை. அக்டோபர் வந்தால் கரி படிந்த கையோடு வீடு வீடாகப் போவார். மூன்று வருடத்துக்கு முன் பள்ளிவாசல் முற்றத்தை அகலப்படுத்துவதற்காகச் சிலையைப் பத்து மீட்டர் நகர்த்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஊர் இரண்டானது, திருமண மண்டபத்தில் பொதுக்கூட்டம் போட்டார்கள். எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு நியாஸி எழுந்து ஒலிவாங்கியைக் கேட்டார். சாதுவான மனிதர். சண்டையைத் தீர்த்துவைப்பார் என்று கொடுத்தார்கள்.

"நான் ரெண்டு பக்கமும் வீட்டுக்குள்ள வந்து போறவன்," என்றார். "அவரு செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. அவர் ஆண்டவனைப் பத்தி என்ன நினைச்சார்னு ராவும் பகலும் பேசறீங்க. உங்க வீட்டுப் புகைக்குழாய்க்குள்ள என்ன இருக்குன்னு ஒருத்தராவது எட்டிப் பார்த்தீங்களா? போன குளிர்காலத்துல மட்டும் ரெண்டு பேர் புகை அடைச்சுத் தூக்கத்துலயே..."

அதற்குள் மண்டபம் எழுந்துவிட்டது. நிறுவனரைப் புகைக்குழாயோடு சேர்த்துப் பேசிவிட்டான் என்றது ஒரு பக்கம். பள்ளிவாசல் காரியத்தைக் கேலி செய்கிறான் என்றது மறுபக்கம். அன்றைக்குத்தான் இரண்டு பக்கமும் ஒரே குரலில் கத்தி நான் கேட்டேன். தலைவர் கண்ணைக் காட்டினார், நான் ஒலிவாங்கியை அணைத்தேன். நியாஸியின் வாய் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது.

பிறகு இரண்டு டீக்கடையிலும் அவருக்கு நாற்காலி இல்லாமல் போனது. யாரும் போ என்று சொல்லவில்லை. அவர் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும், டீ வராது. எங்கள் ஊரில் ஒரு மனிதனுக்கு முன்னால் டீ வந்து உட்காரவில்லை என்றால் அவன் அங்கே இல்லை என்று அர்த்தம். ஆனாலும் மூன்று அக்டோபரிலும் அவர் போய் இரண்டு கடைக் குழாயையும் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு வந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஒலிபெருக்கி இல்லாவிட்டால் கால் இருக்கிறதே என்று முதலில் குடியரசுக்குப் போனேன். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஃபெரிதுன் சார் அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் இருபது பேர்.

"வருஷத்துல ஒரு நிமிஷம்," என்றார் என்னைப் பார்த்ததும். "முழுசா ஒரே ஒரு நிமிஷம். அதைக்கூட இவங்களால விட்டுக்கொடுக்க முடியல. அவர் இல்லேன்னா இன்னிக்கு இவங்க பாங்கு சொல்ல மினாரே இருந்திருக்காது."

"அதை அவங்ககிட்ட சொல்லிப் பாருங்க சார், பாங்கையே துருக்கி மொழிக்கு மாத்தினாரேம்பாங்க," என்றார் பின்னாலிருந்த தபால்காரர்.

"குர்ஆனுக்கு விளக்கம் எழுத ஏற்பாடு பண்ணினதும் அவர் காலத்துலதான், அது மட்டும் வாயில வராது."

"சார்," என்று நான் நடுவில் நுழைந்தேன். "காலைல ஓதினது யாருக்குன்னு தெரியுமா? நியாஸி இறந்துட்டார். ஒரு மணிக்கு ஜனாஸா தொழுகை."

"ஆண்டவன் கருணை காட்டட்டும்," என்றார் ஒருவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஃபெரிதுன் சார் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "அப்போ சாவுச் செய்தின்னு ஒரு சாக்கு," என்றார். "அதை எட்டே முக்காலுக்குச் சொல்லியிருந்தா என்னவாம்? நீ ஊதினது சரி, துன்ஜெர். அதுல உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன்."

என்னைப் பாராட்டச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. நிம்மதிக்குப் போனேன். அங்கே தீவனக் கடை ஹாஜி ஹம்தி மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு நேர்மேலே புகைக்குழாய் போனது.

"வாப்பா சைரன்," என்றார். "நீதானே அமுக்கினே?"

"நான்தான்."

"ஒரு பத்து செகண்ட் பொறுக்கக் கூடாதா? செத்துப் போன மனுஷனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"எந்தச் செத்துப் போன மனுஷனைச் சொல்றீங்க, ஹாஜி?"

மணிமாலை நின்றது. "அதான்... காலைல ஓதினாரே ஹோஜா. அந்த ஆள்."

"அந்த ஆளுக்குப் பேர் இருக்கு. நியாஸி."

"எந்த நியாஸி?"

"உங்க தலைக்கு மேல போற குழாயை மாட்டினவர்."

ஹம்தி அண்ணாந்து குழாயைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். "ஆண்டவன் மன்னிக்கட்டும்," என்றார். எதை என்று சொல்லவில்லை. அடுத்த வாக்கியத்தில் சிலைக்கும் சைரனுக்கும் திரும்பிவிட்டார். நான் வெளியே வந்தேன்.

நியாஸியின் வீடு ஆற்றோரத் தெருவில். சாவு வீடு என்றால் வாசலில் செருப்பு குவிந்திருக்க வேண்டும். நான்கு ஜோடி கிடந்தது, நான்கும் பக்கத்து வீட்டுப் பெண்களுடையவை. உடலைப் பள்ளிவாசலுக்குக் குளிப்பாட்டக் கொண்டு போயிருந்தார்கள். மகள் ஜெர்மனியிலிருந்து இரவுதான் வந்து சேர முடியும். நெஸாஹத் அண்ணி சமையலறையில் தனியாக உட்கார்ந்திருந்தார், மடியில் கணவரின் கரி படிந்த கையுறை.

"எத்தனை பேர் வருவாங்க, துன்ஜெர்?"

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. "ஆறு பேர் அண்ணி. என்னைச் சேர்த்து."

அவர் அழவில்லை. கையுறையை மடித்தார், பிறகு விரித்தார்.

"கூட்டத்துக்காக ஆசைப்படலப்பா. ஹோஜா கேப்பாரே, பொறுத்துக்கிட்டீங்களான்னு. அதுக்கு வாய் வேணும். யார் மனசுல குறை இருக்கோ அவங்க வாய் வேணும். நானும் நீயும் சொல்லி என்ன? மூணு வருஷமா அந்த மனுஷனுக்குச் சரியான தூக்கம் கிடையாது. நான் என்ன தப்பா சொன்னேன் நெஸாஹத், பாதிதானே சொன்னேன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். நேத்துக்கூடக் கேட்டார்."

எங்கள் வழக்கம் அது. உடலைக் கல்மேடையில் வைத்து, இவரை எப்படி அறிந்தீர்கள் என்று இமாம் கேட்பார். பிறகு மூன்று முறை, இவர் மேல் உள்ள குறையைப் பொறுத்துக்கொண்டீர்களா என்று கேட்பார். வந்தவர்கள் பொறுத்துக்கொண்டோம் என்று சொன்னால்தான் செத்தவர் பாரமில்லாமல் போகிறார் என்பது நம்பிக்கை. எனக்கு அதில் எவ்வளவு நம்பிக்கை என்பது வேறு விஷயம். நெஸாஹத் அண்ணிக்கு இருந்தது.

"ரெண்டு கடையிலயும் போய்ச் சொல்லிட்டேன் அண்ணி. காதுல வாங்கல. சைரனைத்தான் பேசிட்டிருக்காங்க."

"என்ன பேசறாங்க?"

சொன்னேன். ஒன்று விடாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் வேறு ஏதோ வந்தது. சந்தையில் தக்காளி பொறுக்கும்போது அவரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

"திரும்பப் போ," என்றார். "குடியரசுல சொல்லு, ஒரு மணிக்கு நிம்மதிக்காரங்க எல்லாரும் பள்ளி முற்றத்துல கூடி ஹோஜாவுக்கு ஆதரவு காட்டப் போறாங்கன்னு. நிம்மதியில சொல்லு, ஹோஜாகிட்ட விளக்கம் கேக்க குடியரசுக்காரங்க மொத்தமா முற்றத்துக்கு வராங்கன்னு."

"அண்ணி, பொய்யாச்சே அது."

"ரெண்டு இடத்துலயும் நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள உண்மையாயிடும். போ."

இப்படி ஒரு மூளை இந்தச் சமையலறையில் இருக்கிறது என்று தெரியாமல் நகராட்சிக்கு எத்தனை தேர்தல் நடத்தியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். குடியரசில் என் வாக்கியம் முடிவதற்குள் ஃபெரிதுன் சார் கோட்டைத் தேடினார். நிம்மதியில் ஹாஜி ஹம்தி, "வரட்டும், பார்த்துக்கலாம்," என்று தம்பி மகன்களுக்குப் போன் போட்டார்.

ஒரு மணிக்கு முற்றத்தில் இருநூறு பேருக்குக் குறையாது. ஆறு போலீஸ்காரர்கள். இரண்டு பக்கமும் இருப்பதால் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தலைவர் வாசலிலேயே நின்றார். நிம்மதிக்காரர்கள் மதியத் தொழுகையை முடித்துவிட்டு வெளியே வந்தார்கள், குடியரசுக்காரர்கள் பிளேன் மரத்தடியில் காத்திருந்தார்கள். நடுவில் கல்மேடை. அதன் மேல் பச்சைத் துணி போர்த்திய பெட்டி. அதை ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பெண்கள் பின்னால் குழாயடியில் நின்றார்கள், நெஸாஹத் அண்ணி ஓரத்தில்.

"ஹோஜா," என்று ஃபெரிதுன் சார் முன்னால் வந்தார். "இன்னிக்குக் காலைல என்ன நடந்ததுன்னு ஊருக்கு நீங்க பதில் சொல்லணும்."

"அவர் எதுக்குச் சொல்லணும்?" என்றார் ஹம்தி. "ஊதினவன் சொல்லட்டும்."

நான் ஒரு போலீஸ்காரருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

ஜெவ்தெத் ஹோஜா கறுப்பு அங்கியில் வந்து பெட்டிக்கு அருகே நின்றார். நெடிய மனிதரில்லை, குரலும் உயர்த்தவில்லை.

"சொல்றேன்," என்றார். "முதல்ல இவரை வழியனுப்பிடுவோம். காத்துக்கிட்டிருக்கார். வரிசை கட்டுங்க."

உடல் முன்னால் இருக்கும்போது வரிசை கட்டச் சொன்னால் யெனிதெரேயில் எவனும் முதுகு காட்டிப் போக முடியாது. ஆண்டவனை நம்பாதவனும் முடியாது. பிறகு ஊரில் இருக்க வேண்டுமே. கொஞ்சம் முணுமுணுத்தார்கள், கொஞ்சம் தள்ளிக்கொண்டார்கள். வரிசைக்கு இடம் போதவில்லை. அவர்கள் பக்கம், இவர்கள் பக்கம் என்று பார்க்க முடியாமல் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். மூன்று வருடத்தில் ஃபெரிதுன் சாரின் முழங்கை ஹம்தியின் முழங்கையைத் தொட்டது அன்றைக்குத்தான்.

தொழுகை முடிந்தது. ஹோஜா கேட்டார்: "ஜமாஅத்தே, இவரை எப்படி அறிந்திருந்தீர்கள்?"

வழக்கமாக உடனே பதில் வரும். வரவில்லை. இரண்டாம் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம், "யாருப்பா இது?" என்று கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

ஹோஜா சொன்னார்: "அடுப்புக்கார நியாஸி. காலைல ஒன்பது அஞ்சுக்கு நான் சொன்ன பேர் இதுதான்."

காலையில் சைரனுக்கு நின்றதைவிட இப்போது அசையாமல் நின்றார்கள். அப்போது யாரோ படம் பிடித்தார்கள், இப்போது ஒருவரும் கைப்பேசியை எடுக்கவில்லை. ஃபெரிதுன் சார் தரையைப் பார்த்தார். ஹம்தியின் மணிமாலை சட்டைப்பைக்குள் போனது.

"நல்லவர்னு அறிவோம்," என்றது ஒரு வயதான குரல். தபால்காரர். பிறகு அங்கங்கே சில குரல்கள்.

"இவர் மேல் உங்களுக்குள்ள குறையைப் பொறுத்துக்கொண்டீர்களா?"

"பொறுத்துக்கொண்டோம்." பத்துப் பேர் இருக்கும்.

"பொறுத்துக்கொண்டீர்களா?"

"பொறுத்துக்கொண்டோம்." பாதி முற்றம்.

மூன்றாம் முறை ஹோஜா கேட்பதற்கு முன் கொஞ்சம் நிறுத்தினார். வேண்டுமென்றே நிறுத்தினார் என்று நான் சொல்வேன், அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஃபெரிதுன் சார் ஓரக்கண்ணால் ஹம்தியைப் பார்த்தார், ஹம்தி அவரைப் பார்த்தார். கேள்வி வந்தபோது இருவரும் சொன்னார்கள். இருநூறு பேர் சொன்னார்கள். பிளேன் மரத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன.

அதற்குப் பிறகு நடந்தது வேடிக்கை. பெட்டியைத் தூக்கும்போது முன் கைப்பிடியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று போட்டி வந்துவிட்டது. அவர்கள் முன்னால் போனால் இவர்களுக்குப் பொறுக்காது, இவர்கள் போனால் அவர்களுக்கு. ஒவ்வொருவரும் நாலு அடி தூக்கிவிட்டு அடுத்தவருக்குத் தோள் மாற்றித் தர வேண்டியது வழக்கம். யாரும் மாற்றித் தர மனமில்லாமல் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். கபர்ஸ்தானுக்கு இருபது நிமிட வழியை எட்டு நிமிடத்தில் கடந்தோம். நியாஸி வாழ்நாளில் அவ்வளவு வேகமாக எங்கும் போனதில்லை. மண் போடும்போதும் மண்வெட்டிக்கு அதே அடிதடி. ஹோஜாவிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை, அல்லது வந்தும் வாய் வரவில்லை.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஆற்றோரத் தெருவுக்குப் போனேன். இப்போது வாசலில் செருப்புக் குவியல். சமையலறையில் நெஸாஹத் அண்ணி நின்றபடியே ரவை வறுத்துக்கொண்டிருந்தார். சாவு வீட்டு ஹல்வாவை வீட்டுக்காரிதான் முதலில் கிளற வேண்டும்.

"பின்னால நின்னதுல சரியாக் கேக்கல. மூணு தடவையும் சொன்னாங்களா?"

"சொன்னாங்க அண்ணி."

"ஃபெரிதுன்?"

"மூணாவதுல."

"ஹம்தி?"

"அவரும் மூணாவதுலதான். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே."

"எப்படிச் சொன்னா என்ன," என்றார். "எதுக்கு வந்தாங்கன்னு எனக்குத் தெரியாதா? சொன்னது சொன்னதுதான். திரும்ப வாங்கிக்க முடியாது."

கரண்டி நிற்கவில்லை. ரவை சிவக்கத் தொடங்கியிருந்தது. நான் போயிருக்கலாம். ஹல்வா தட்டுக்காக நிற்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அதற்காக நிற்கவில்லை.

"நீ சொன்னியா?" என்று கேட்டார்.

"எனக்கு அவர் மேல என்ன குறை அண்ணி? எனக்கு ஒண்ணும் இல்ல." பதினேழு வருடமாக ஊருக்கே கேட்கும் குரலை அடுப்படிக்குள் மட்டும் கேட்கும்படி தாழ்த்தினேன். "கூட்டத்துல ஒலிவாங்கியை அணைச்சது நான்தான். அவர் பேசிட்டே இருந்தார். இன்னிக்கும் பத்து செகண்ட்... நான்தான். நீங்க பொறுத்துக்கணும்."

அவர் அடுப்பைப் பார்த்தபடியே பாலை ஊற்றினார். பெரிய சத்தத்தோடு ஆவி எழுந்து அடங்கியது.

"நான் பொறுத்துக்கிட்டேன்னு சொல்றது எனக்குச் சுலபம், துன்ஜெர். ஆனா அது என்னோடது இல்லையே. மூணு வருஷம் இருந்துச்சு. ஒரு நாள் வந்து ஒரு டீ குடிச்சிருந்தா அவரே சொல்லியிருப்பார்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இரண்டு தட்டில் ஹல்வாவை நிரப்பி என் கையில் கொடுத்தார். "ஒண்ணு குடியரசுக்கு, ஒண்ணு நிம்மதிக்கு. ஆறிப் போறதுக்குள்ள குடு."

கொடுத்தேன். இரண்டு கடையிலும் எழுந்து நின்று வாங்கினார்கள், சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். தட்டு காலியாவதற்குள் குடியரசில் ஒருவர், நியாஸி மனதுக்குள் எப்போதும் நம் பக்கம்தான் என்று தொடங்கினார். நிம்மதியிலும் அதையே கேட்டேன், அவர் வெள்ளிக்கிழமைத் தொழுகை தவறியதில்லை என்று. தொலைக்காட்சியில் அன்றைய விவாதம் ஆரம்பித்தது. ஒலியைக் கூட்டினார்கள்.

மறுநாள் காலை அறைக்குப் போனேன். தடை அப்படியே இருந்தது. சைரனை அமுக்கும் அதே விரலால் ஒலிபெருக்கியைப் போட்டேன். ஸலவாத் எனக்கு ஓத வராது, அது ஹோஜாவின் வேலை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"நம் ஊர்க்காரர், ஆற்றோரத் தெரு, அடுப்புக்கார நியாஸி காலமானார். நேற்று நல்லடக்கம் நடந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவர் சொல்ல வந்ததை நான் பாதியில் அணைத்துவிட்டேன். மீதி இதுதான்: உங்கள் புகைக்குழாயை எட்டிப் பாருங்கள். போன குளிர்காலங்களில் பார்த்தவர் இனி இல்லை."

சதுக்கத்தில் ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு வாசலுக்கு வந்து நின்றார். இரண்டு டீக்கடையிலும் ஜன்னல் திறந்தது. இது எந்தப் பக்கத்துக்கு எதிரான பேச்சு என்று இரண்டு பக்கமும் யோசித்திருக்க வேண்டும். போன் அடித்தது. தலைவர்.

"யார் சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லல ஐயா," என்றேன்.